லோவா வந்த சேதி

கொட்டிலுக்குப் பின்னால், தெற்குப் பார்த்த சரிவில், சால்வோர் முழங்காலிட்டு மண்வெட்டியின் விளிம்பால் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேலே கிடந்தது நேற்று விழுந்த தூள்பனி. அதைக் கையாலேயே தள்ளிவிடலாம். அதற்கு அடியில் ஏப்ரல் மாதத்துப் பனி, ஒருமுறை உருகி மறுபடி உறைந்து கல்லாகிப்போயிருந்தது. அதைப் பெயர்த்தால் போன வருஷத்துப் புல், நைந்த கயிறுபோல் பழுப்பாக. அதையும் ஒதுக்கிவிட்டு, கையுறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலை மண்ணில் குத்திப் பார்த்தாள். நகம் வலித்ததுதான் மிச்சம்.

மே மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. மற்ற வருஷங்களில் இந்நேரம் இந்தச் சரிவு பச்சை பிடித்திருக்கும். பாறை இடுக்கில் ஊதா நிறப் பொடிப்பூக்கள் வந்திருக்கும். குதிரையைத் தடவினால் குளிர்கால ரோமம் கை நிறைய உதிரும். இன்று காலை கிழட்டுக் குதிரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு மயிர்கூட வரவில்லை. ஓடையருகே போய்க் குனிந்து காது வைத்தாள். பனிக்கு அடியில் சத்தமே இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும், வீட்டைச் சுற்றி உயிரோடு அசைந்தது அவளுடைய மூச்சுப்புகை ஒன்றுதான்.

எழுந்து கடலைப் பார்த்தாள். கடல் இல்லை. வடக்கிலிருந்து மிதந்து வந்த பனிப்பாளங்கள் கழிமுகத்தை அடைத்துக்கொண்டு ஆறு வாரமாக அங்கேயே கிடந்தன. அவை நகராதவரை காற்று மாறாது. காற்று மாறாதவரை புல் வராது. ஐஸ்லாந்தின் இந்த வடகரையில் யாரும் இதை யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பஞ்சாங்கத்தைக் கேட்டால் கோடை பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. குளிர்காலத்தின் கடைசி ராத்திரி முடிந்தால் மறுநாள் கோடையின் முதல் நாள், அவ்வளவுதான். அந்தக் கடைசி ராத்திரி வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பார்கள். விடியும்போது அது உறைந்திருந்தால் குளிர்காலமும் கோடையும் கைகோத்துக்கொண்டன என்று அர்த்தம், நல்ல வருஷம். எவ்வளவு தடிமனாக உறைகிறதோ அவ்வளவு தடிமனாகப் பாலில் ஆடை கட்டும். இந்தத் தடவை சால்வோர் வைத்த கிண்ணத்துத் தண்ணீர் அடிவரை உறைந்து கிண்ணமே விரிசல் விட்டிருந்தது. அதை அப்படியே படுக்கைக்குக் கொண்டுவரச் சொல்லி, மடியில் வைத்துப் பார்த்துச் சிரித்தான் அவள் கணவன் ஆரி.

"ஏய், இந்த வருஷம் ஆடையை அரிவாளாலதான் வெட்டணும் போல" என்றான். அப்போது அவனுக்குச் சிரிக்கும் அளவு மூச்சு இருந்தது.

"என்ன அண்ணி, புதையலா?"

கிரீமுர் கொட்டில் மூலையில் நின்றிருந்தான். ஆரியின் தம்பி. நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் நிலத்திலேயே உழைத்து, அண்ணன் சொன்னதைச் செய்து, அண்ணன் சொல்லாததைச் செய்யாமல் இருப்பவன்.

"விரல் போகுதான்னு பாத்தேன்."

"போச்சா?"

"இல்ல."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "லோவா வந்து மூணு நாளாச்சு. இன்னுமா மண்ணு இளகல? இப்படி நான் பாத்ததே இல்ல."

குத்திக்காட்டவில்லை அவன். உண்மையாகவே புரியாமல் கேட்டான். அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

லோவா புறாவைவிடக் கொஞ்சம் சின்னப் பறவை. முதுகு முழுக்கப் பொன்னிறப் பொட்டுகள். குளிருக்குக் கடல் தாண்டிப் போய்விட்டு வசந்தத்தில் திரும்பும். அதன் குரல் கேட்டுவிட்டால் பனிக்கு வேலை முடிந்தது என்று இந்தக் கரையில் எல்லோரும் நம்புவார்கள், பாதிரியார் உட்பட. வழக்கமாக ஏப்ரல் முடிவதற்குள் வந்துவிடும். இந்த வருஷம் யாரும் கேட்கவில்லை. சால்வோரும் கேட்கவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஆரி இருமி இருமிக் கண் பிதுங்கி, அவள் ஏந்திய பாத்திரத்தில் ரத்தம் கலந்து துப்பிவிட்டு, தினமும் கேட்பதுபோல, "வந்துச்சா?" என்று கேட்டபோது, அவள் வாய் கூசாமல், "வந்துடுச்சு" என்றாள்.

"நெஜமா? எங்க?"

"ஓடைப் பக்கம். காலையில கேட்டேன்."

"ஒண்ணா?"

"ஒண்ணு. இல்ல, ரெண்டு."

ஈஸ்டருக்கு வந்த வைத்தியர் இரண்டு நாள் குதிரையில் வந்து, காது வைத்துக் கேட்டு, வெயில் வந்தால் தேறிவிடுவார் என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஆரி கிடந்தான். அந்த ஞாயிறு அவன் இருமாமல் தூங்கினான். ஒரு பொய்க்கு இவ்வளவு பலன் இருந்தால் முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

விடிந்ததும் ஆரி தம்பியைக் கூப்பிட்டான்.

"லோவா வந்துடுச்சுடா. இனிமே அளந்து போடாதே. குட்டி போடற நேரம், அரை வயித்தோட நின்னா பால் எங்கேருந்து வரும்? நல்லா வாரிப் போடு."

சால்வோர் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கஞ்சியையே கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக ஒரு கைப்பிடிகூடக் கூடாமல் அளந்து அளந்து போட்டுக் காத்த காய்ந்த புல்லை, கிரீமுர் அன்று முதல் வாரி வாரிப் போட்டான். ஆடுகள் வயிறு நிறையத் தின்றன.

"புல்லுப்போர்ல எவ்வளவு இருக்கு?" என்று இப்போது கேட்டாள்.

"நாளைக் காலை வரைக்கும். தரையக் கூட்டி அள்ளினா சாயங்காலம் வரைக்கும்." தலைக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டான். "பழையபடி அளந்து போட்டிருந்தா இன்னும் அஞ்சு நாள் ஓட்டியிருக்கலாம். ஆனா அண்ணன் சொல்லிட்டாரே."

அவன் கொட்டில் கதவைத் திறந்தான். உள்ளிருந்து ஆடுகளின் சூடான வாடை வந்தது. எழுபது சினையாடுகள். மோரா முன்னால் வந்தது. செம்பழுப்பு நிறம், நீண்ட கால். மந்தைக்கு முன்னால் நடக்கவென்றே பிறந்த சாதி. காற்று திரும்புமா, புயல் வருமா என்பது மோராவுக்கு மனிதர்களுக்கு முன்பே தெரியும். வெளியே போகலாம் என்றால் தானாகவே வாசல் தாண்டும். வேண்டாம் என்றால் அடித்தாலும் போகாது. மோரா நிலைப்படியில் நின்று மூக்கைத் தூக்கி முகர்ந்தது. பிறகு திரும்பி, மற்ற ஆடுகளை இடித்துக்கொண்டு, இருட்டுக்குள் போய்விட்டது.

"பாத்தீங்களா?" என்றான் கிரீமுர். "இதுக்கு இன்னும் சேதி போகல போல."

சால்வோர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

புல்தரைப் பாளங்களை அடுக்கிக் கட்டிய வீடு. நீண்ட இருட்டு நடையைக் கடந்தால், எல்லோரும் படுத்து, உண்டு, கம்பளி நூற்று வாழும் ஒரே அறை. சுவரோரமாகக் கட்டில்கள். ஜன்னல் கண்ணாடியில் விரல் தடிமனுக்குப் பனி படிந்திருந்தது. ஆரி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். ஆறு அடி உயரமும் அகன்ற தோளுமாக இருந்த மனிதன், இப்போது சட்டைக்குள் எங்கேயோ இருந்தான்.

"எங்க போன?"

"பின் சரிவுக்கு."

"கையைக் குடு."

கொடுத்தாள். அவன் அவளுடைய விரலைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான். நக இடுக்கில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது, சுரண்டியபோது பெயர்ந்து வந்த தூள். கண்ணை மூடிக்கொண்டு அதை முகர்ந்தான்.

"மண்ணு" என்றான். "இளகிடுச்சு."

இந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை, அவனே செய்துகொண்டான். ஆனாலும் அது அவள் கணக்கில்தான் சேரும் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த ஞாயிறுக்கு முன், இருபத்தாறு வருஷத்தில் அவனிடம் அவள் சொன்ன பெரிய பொய், கல்யாணத்துக்கு முன் தனக்குப் பால் கறக்க நன்றாக வரும் என்று சொன்னதுதான். அதை அவன் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான்.

"சால்வோர், கூரை மூடியைத் தெறயேன்."

"குளிரும்."

"குளிரட்டும். எனக்கும் ஒரு தடவை கேக்கணும்."

கட்டில்மேல் ஏறி, கூரையில் புகை போக விட்டிருந்த துளையின் மரமூடியைக் கம்பால் தள்ளினாள். சாம்பல் நிற வானம் ஒரு தட்டு அளவு தெரிந்தது. குளிர் நேராக அவன்மேல் இறங்கியது. இன்னொரு கம்பளியை எடுத்து அவன் தோளில் சுற்றிவிட்டு, அவளும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரைப் புல்லில் காற்று உராய்ந்தது. தூரத்தில், பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதி முனகின. வேறொன்றும் இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவள் மனதுக்குள் கெஞ்சினாள். ஒரு பறவை, ஒரே ஒரு தடவை கத்தினால் போதும், அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று.

"ஆமா" என்றான் ஆரி மெதுவாக. "கேக்குது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. துளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் தோர்லாக் வந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர். பக்கத்து என்றால் பனிச்சறுக்குக் கட்டையில் ஒன்றரை மணி நேரம். இலையுதிர்காலத்தில் வீடு வீடாகப் போய்ப் புல்போரை அளந்து, இத்தனை ஆட்டுக்குத்தான் தாங்கும், மிச்சத்தை வெட்டிவிடு என்று சொல்வது ஊர் அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அந்த வேலையில் இருப்பவனை யாருக்கும் பிடிக்காது. போன அக்டோபரில் ஆரியின் போர்மேல் ஏறி இரும்புக்கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு, "நாப்பதுக்குத்தான் காணும் ஆரி. முப்பதைக் கழிச்சுடு" என்றார். "வசந்தத்தை நீங்க கம்பியால குத்திப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டான் ஆரி. நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சால்வோரும் சிரித்தாள். பத்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்த மந்தை. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. ஏப்ரலில் ஒரு நல்ல வாரம் வந்தால் போதும், எழுபதும் பிழைக்கும் என்று அவர்கள் வசந்தத்தை நம்பி மந்தையை வைத்திருந்தார்கள். இங்கே எல்லோரும் ஏதாவது ஒரு வருஷம் செய்யும் காரியம்தான் அது.

தோர்லாக் அறைக்குள் குனிந்து வந்து, குல்லாயைக் கழற்றி, கட்டில் எதிரே உட்கார்ந்தார். ஆரியைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விட்டு, அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"என்ன, ஆளு எளைச்சுட்டேன்னு பாக்கறீங்களா?" என்றான் ஆரி. "கம்பி கொண்டு வரலியா? குத்திப் பாத்து எவ்வளவு நாள் தாங்குவேன்னு சொல்லுங்களேன்."

"உன் வாய் மட்டும் எளைக்கலடா."

"சேதி தெரியுமா? லோவா வந்துடுச்சு. சால்வோர் கேட்டா. இன்னிக்கு நானும் கேட்டேன்."

தோர்லாக் தலையைத் திருப்பி சால்வோரைப் பார்த்தார். அவள் கையிலிருந்த பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி நின்றுவிட்டிருந்தது. அவர் ஊர் முழுக்க உண்மையைச் சொல்லிச் சொல்லிக் கெட்ட பேர் வாங்கியவர். குல்லாயைக் கையில் ஒருமுறை திருப்பினார்.

"அப்படியா" என்றார் கடைசியில். "எங்க பக்கம் இன்னும் வரல."

"உங்க பக்கம் எல்லாமே லேட்டுதான்" என்று ஆரி சிரிக்கப் போய் இருமலில் மாட்டிக்கொண்டான். அவள் ஓடிவந்து பாத்திரத்தை ஏந்தினாள்.

தோர்லாக் கிளம்பும்போது அவள் நடைவரை கூடப் போனாள். இருட்டில் அவர் நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"புல் எத்தனை நாளைக்கு இருக்கு?"

"நாளைக்கு வரைக்கும்."

"நாளைக்கா? ஒரு வாரத்துக்கு இருக்கும்னு நெனச்சேனே."

அவள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. "லோவா" என்றார். பெருமூச்சு விட்டார். "நீ சொன்னதை மனுஷன் தின்னு தெம்பாயிடலாம்மா. ஆடு திங்குமா?"

"உங்ககிட்ட…"

"என்கிட்ட இருந்தா கேக்காமலே கொண்டு வந்திருப்பேன். இந்தக் கரையில யார்கிட்டயும் இல்ல. மேலப்பண்ணையில நேத்து கத்தியை எடுத்துட்டாங்க." அவர் சறுக்குக் கட்டையின் வாரைக் கட்டினார். "இன்னிக்கே முப்பதை வெட்டினா மிச்சத்துக்கு இருக்கறதை அளந்து போட்டு நாலஞ்சு நாள் ஓட்டலாம். அதுக்குள்ள பனிப்பாளம் நகர்ந்தாலும் நகரும். பட்டினி போட்டா எழுபதும் போயிடும். அவன்கிட்ட நீதான் சொல்லணும். அவன் சொல்லாம அந்தத் தம்பி கத்தியத் தொடமாட்டான்."

அவர் போனபிறகும் அவள் கதவருகே நின்றாள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். பறவை வரவில்லை, நான் கேட்கவில்லை, நான் சொன்னது பொய், இப்போது நீ ஒரு வார்த்தை சொன்னால்தான் பாதியாவது பிழைக்கும். நாலு வாக்கியம்தானே. நடையில் நடந்துகொண்டே அந்த நாலையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நூறு அடி தூரம்கூட இல்லை, கால் வலித்தது.

"ஆரி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் கண்ணைத் திறந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. "மொதல்ல காபி குடேன்" என்றான். "கற்கண்டோட."

ஒரு வாரமாகக் காபி வேண்டாமென்றவன் கேட்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நாலு வாக்கியத்தைக் காபிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அடுப்படிக்குப் போய் சாண எருவை ஊதிக் கிளறித் தண்ணீர் வைத்தாள். கொட்டையை நன்றாகவே அரைத்தாள், கொஞ்சம் சிந்தியதையும் திரட்டிப் போட்டாள். தகரப் பெட்டியிலிருந்து பெரிய கற்கண்டாகப் பார்த்து ஒன்று எடுத்தாள். அவன் அதைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, காபியை அதன் வழியாக உறிஞ்சுவான். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தம் அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

கோப்பையோடு திரும்பியபோது அவன் அதே மாதிரிதான் சாய்ந்திருந்தான். முகம் கூரைத் துளையை நோக்கியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் கோப்பையை மரப்பெட்டிமேல் வைத்துவிட்டு, அவன் பெயரைச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்தாள். துளை வழியாக ஒன்றிரண்டு பனித்துகள்கள் இறங்கி அவன் கம்பளியில் விழுந்தன. உருகாமல் அப்படியே கிடந்தன.

அவள் அழவில்லை. அழுகை எங்கேயோ பனிக்கு அடியில் இருந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. எழுந்து முதலில் செய்த காரியம், கற்கண்டை மறுபடி தகரப் பெட்டியில் போட்டு மூடியதுதான்.

கிரீமுர் கொட்டிலில் இருந்தான். அவள் வாசலில் நின்ற விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கவையைக் கீழே வைத்தான். தீவனத்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஆடுகள் அவன் தோளை முகர்ந்தன. பெரிய உடம்பு, சத்தமில்லாமல் குலுங்கியது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். தொடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கவையை எடுத்தான். "சாயங்காலத் தீனி போட்டுட்டு வரேன் அண்ணி."

"எவ்வளவு போடுவ?"

"நெறைய. அவர் சொன்ன மாதிரி."

"கிரீமுர், அளந்து போடு."

"லோவா வந்தபிறகு என்னத்த அளக்கறது? அவர் கடைசியா எனக்குச் சொன்னதே அதுதான். அதை மீறமாட்டேன்."

"லோவா வரல."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"நான் கேக்கல. அவன் ரத்தம் துப்பினான். வந்துடுச்சுன்னு சொன்னேன்."

கிரீமுர் தரையைப் பார்த்தான். பிறகு காலியான தொட்டிகளை வரிசையாகப் பார்த்தான், மூன்று நாள் புல் போன வழியை. அவன் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து, தரையில் கிடந்த ஒரு புல்லை எடுத்து, இன்னொன்றை எடுத்து, கையில் சேர்க்க ஆரம்பித்தான்.

"நீங்க பொய் சொல்வீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணி" என்றான், நிமிராமல். பிறகு, "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லப் போனேன். காபி கேட்டான்." நின்றாள். "அவனுக்கும் கேட்டுச்சாம். காலையில."

கிரீமுர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். காலையில் அவனும் வெளியேதான் இருந்தான். கையில் சேர்த்த புல்லைத் தொட்டியில் போட்டான்.

இருவருமாக ஆரியைத் தூக்கினார்கள். கனமே இல்லை. சால்வோர் வெந்நீரில் துணி நனைத்து அவனைத் துடைத்தாள், தலை வாரினாள், தேவாலயத்துக்குப் போடும் சட்டையை மாட்டினாள். வெளிக்கிடங்கில் இரண்டு பீப்பாய்மேல் பலகை போட்டு அவனைக் கிடத்தி, நெஞ்சில் ஜெபப் புத்தகத்தை வைத்தார்கள். அங்கே உறைபனியின் குளிர். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு வழியில் அதுவும் வசதிதான் என்று நினைத்து அவள் தன்னையே வெறுத்தாள்.

"தோர்லாக்கைப் போய்க் கூட்டிட்டு வரேன்" என்றான் கிரீமுர். "நாளைக் காலையில நானும் அவரும் சேர்ந்து… முப்பது பத்தாது இப்போ. நாப்பது." சறுக்குக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டவன், நின்றான். "கத்தி கொண்டு வரச் சொல்றேன். கடப்பாரையும்."

"கடப்பாரை எதுக்கு?"

சொன்னபிறகுதான் அவளுக்குப் புரிந்தது. விரல் போகாத மண்ணில் குழி தோண்டவேண்டும்.

"சரி. ரெண்டையும் கொண்டு வரச் சொல்லு" என்றாள்.

அவன் போன பிறகு அறைக்கு வந்தாள். துளை மூடி இன்னும் திறந்தே கிடந்தது. ஆரியின் கட்டிலைப் பார்த்தாள். கம்பளிகளை மடித்துவைத்தாள். கீழே மெத்தை. போன ஆகஸ்டில், ஏழு நாளும் தொடர்ந்து வெயில் அடித்த அந்த ஒரே வாரத்தில், வீட்டு முற்றத்து வயலில் அறுத்த முதல் தரமான புல்லை ஆரி தனியாக எடுத்துவைத்து அதில் திணித்திருந்தான். "ஆட்டுக்கு முன்னாடி எனக்கு" என்று சொல்லிக்கொண்டே, அதன்மேல் குதித்துப் பார்த்தான். நடுவில் அவன் உடம்பு அழுத்திய பள்ளம், தோள் அகலத்துக்கு, அப்படியே இருந்தது. அதில் சற்று நேரம் கை வைத்திருந்தாள்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்து மெத்தையின் தையலைப் பிரித்தாள்.

மேல்பக்கம் வியர்வையும் நோயும் மருந்தும் கலந்த வாடை. அதை ஒதுக்கினாள். உள்ளே போகப் போகப் புல் பச்சை மாறாமல் இருந்தது. ஆகஸ்ட் வாசனை அறை முழுக்க எழும்பி வந்தது. நடுவில் ஒரு மஞ்சள் பூ, காம்போடு, நசுங்கி, ஆனால் நிறம் போகாமல் இருந்தது. வாரக்கணக்கில் வீட்டைச் சுற்றித் தேடியும் கிடைக்காத பச்சை, அவன் முதுகுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, யாரும் இல்லாத வீட்டில், மெத்தைத் துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, புல்லைப் போர்வையில் குவித்து மூட்டையாகக் கட்டி, முதுகில் ஏற்றிக்கொண்டாள். நடையில் சுவரில் உரசிக்கொண்டே போனாள். வெளியே வெளிச்சம் குறையாத சாயங்காலம், அதே சாம்பல் வானம். கொட்டிலில் ஆடுகள் கூச்சலிட்டுக்கொண்டு முண்டின. எது நாளைக்கு இருக்கும், எது இருக்காது என்று இன்னும் யாரும் பிரிக்கவில்லை. போரில் மிச்சம் இருந்ததை அவள் தொடவில்லை, அது பிழைக்கப்போகிறவைக்கு. மெத்தைப் புல்லை மட்டும் தொட்டி தொட்டியாகப் பரப்பினாள். அளக்கவில்லை. அவன் சொன்னபடி, வாரிப் போட்டாள். மஞ்சள் பூவையும் தனியே எடுத்துவைக்கவில்லை. எந்தத் தொட்டியில் விழுந்ததோ தெரியாது.

ஆடுகள் தலை கவிழ்ந்து தின்ன ஆரம்பித்தன. மோரா மட்டும் புல்லில் மூக்கை வைத்து நின்றது. அந்த ஆகஸ்ட் வாசனையை நீளமாக முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, சால்வோரைத் தாண்டி, கதவைப் பார்த்தது. சால்வோரும் திரும்பிப் பார்த்தாள். கதவு பாதி திறந்திருந்தது, வாசலில் பனி.

அவள் போய் அதைச் சாத்திவிட்டு வந்தாள். மோரா இன்னும் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து தின்றது.

கடைசி இரண்டு தொட்டிகளுக்குப் புல் போதவில்லை. சால்வோர் போர்வையை உதறி மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, தன்னுடைய மெத்தையைப் பிரிக்க வீட்டுக்குத் திரும்பினாள்.